ஸ்டூல் இருக்கு, உட்கார விடுறாங்களா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தியும் சுருக்கியும் இருக்கிறோம்.)

போன வாரம் எங்க ஆபீஸ்ல எச்.ஆர். டீம்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு. ரொம்ப நேரம் உட்கார்ந்தே வேலை பார்க்கறது உடம்புக்கு நல்லதில்ல, அதனால நின்னுக்கிட்டே வேலை பார்க்கற டேபிள் வேணும்னா விண்ணப்பம் போடுங்கன்னு. என் கையில கட்டியிருக்கற வாட்ச்சும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதிர்ந்து, "எழுந்து நில்லு"ங்குது.

அன்னைக்கு நைட்டு போன்ல அம்மாகிட்ட இதைச் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. "நிக்கறதுக்கு டேபிளா? அதுக்கு கம்பெனியே காசு குடுக்குதா? எங்க முதலாளிக்கு இது தெரியாம போச்சே"ன்னாங்க.

அம்மா 2012ல இருந்து 2023 வரைக்கும், 11 வருஷம், திண்டிவனம் நேரு வீதியில ஒரு ஜவுளிக் கடையில சேல்ஸ் வேலை பார்த்தவங்க. கடை பேரு வேண்டாம். ஏன்னா நான் சொல்லப்போறது அந்த ஒரு கடையோட கதை மட்டும் இல்ல. நீங்க தி.நகர்ல, காந்திபுரத்துல, உங்க ஊர் பஜார்ல எந்தக் கடைக்குள்ள போனாலும் பார்க்கக் கூடிய விஷயம்தான். பார்த்தும் நம்ம கண்ணுல படாத விஷயம்னு வேணும்னா சொல்லலாம்.

தொழிலிடப் பாதுகாப்புன்னு சொன்னா நமக்கு ஹெல்மெட், கையுறை, "எச்சரிக்கை" போர்டு, தீயணைப்பு சிலிண்டர் இதெல்லாம்தான் ஞாபகம் வருது. பட்டாசு ஆலை விபத்து, கொதிகலன் வெடிப்பு மாதிரி ஒரே நாள்ல நடக்கறது நியூஸ்ல வரும். ஒருத்தரோட காலை 11 வருஷமா கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கற வேலை எந்த நியூஸ்லயும் வராது. இந்த எபிசோட் அதைப் பத்தி. உட்காருற உரிமை பத்தி. தமிழ்நாட்டுல அதுக்குன்னு ஒரு சட்டமே இருக்கு. அந்தச் சட்டம் என்ன சொல்லுது, ஏன் வந்துச்சு, வந்த பிறகு என்ன ஆச்சு, இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முண்டியம்பாக்கத்துல கேட்ட முதல் கேள்வி

அம்மா வேலை முடிஞ்சு ராத்திரி 10 மணிக்கு மேலதான் வீட்டுக்கு வருவாங்க. வந்ததும் சாப்பாடு கூட அப்புறம்தான். தரையில படுத்து ரெண்டு காலையும் சுவத்து மேல தூக்கி வச்சுக்குவாங்க. ஒரு பதினஞ்சு நிமிஷம். சின்ன வயசுல எனக்கு அது ஒரு சாதாரணக் காட்சி. எல்லா அம்மாக்களும் அப்படித்தான் படுப்பாங்கன்னு நினைச்சேன்.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த சீசன் இதெல்லாம் வந்தா இன்னும் லேட்டாகும். கால் வீங்கி செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே இருக்கும். முழங்காலுக்குக் கீழ பச்சையா நரம்பு புடைச்சுச் சுருண்டு கிடக்கும். "நரம்பு சுருட்டல், எங்க கடையில பாதிப் பேருக்கு இருக்கு"ன்னு சொல்லிட்டு தைலம் தேய்ச்சுக்குவாங்க.

2023ல கணுக்கால் பக்கத்துல ஒரு சின்னப் புண் வந்துச்சு. ஏதோ இடிச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சோம். ரெண்டு மாசம் ஆகியும் ஆறல. சுத்தி இருந்த தோல் கறுத்துப் போச்சு. சர்க்கரையான்னு பயந்து டெஸ்ட் எடுத்தா சர்க்கரை இல்ல. கடைசியா முண்டியம்பாக்கத்துல இருக்கற அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் காலைப் பார்த்துட்டு முதல்ல கேட்ட கேள்வி, "என்னம்மா வேலை பாக்குறீங்க?"

அம்மா பதில் சொன்னதும் அடுத்த கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிப்பீங்க?" அம்மா யோசிச்சு, "சாப்பிடற நேரம் போக எல்லா நேரமும்"னாங்க.

எனக்கு அந்த எடத்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் காலேஜ் ஃபீஸ்ல ஒரு பங்கு அந்தக் காலுல இருந்து வந்தது. வெரிகோஸ் வெயின்ங்கற வார்த்தையை அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி விளம்பரத்துலதான் பார்த்திருக்கேன்.

நின்னா என்னதான் ஆகும்?

இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கலாம், கஷ்டமில்ல.

இதயம் ரத்தத்தைக் கால் வரைக்கும் தள்ளுது. கீழே போறது சுலபம். திரும்ப மேலே வரணும்னா புவியீர்ப்புக்கு எதிரா ஏறணும். அதுக்கு உடம்புல ரெண்டு ஏற்பாடு இருக்கு. ஒண்ணு, கால் சிரைகளுக்குள்ள இருக்கற வால்வுகள். கிணத்து மோட்டார் குழாயில ஃபுட் வால்வு எப்படி ஏறின தண்ணியை மறுபடி இறங்க விடாம பிடிக்குதோ, அதே வேலை. ரெண்டாவது, கெண்டைக்கால் தசை. நாம நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, சிரையை அழுத்தி, ரத்தத்தை மேலே பிழிஞ்சு விடும். இதை ரெண்டாவது இதயம்னே சில டாக்டர்கள் சொல்றாங்க.

ஒரே இடத்துல அசையாம நின்னா இந்தத் தசை பம்ப் ஓடாது. ரத்தம் கீழேயே தேங்கும். நாம பி.பி. அளக்கற அதே அளவுல சொன்னா, அசையாம நிற்கிறவரோட கணுக்கால் சிரையில அழுத்தம் ஏறக்குறைய 80 முதல் 90 வரை இருக்கும். நடக்க ஆரம்பிச்சா அது 30க்கும் கீழ இறங்கும். அதாவது நிற்கிறதும் நடக்கிறதும் காலுக்கு ஒண்ணு இல்ல. "நாள் பூரா நிக்கறது நல்ல எக்ஸர்சைஸ்தானே"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில்.

அந்த அழுத்தம் தினமும் 10 மணி நேரம், வருஷக்கணக்கா இருந்தா சிரை விரியும். விரிஞ்சா வால்வோட ரெண்டு இதழும் ஒண்ணை ஒண்ணு தொடாது. கசியும். கசிஞ்சா இன்னும் அழுத்தம், இன்னும் விரிசல். முதல்ல வீக்கம், அப்புறம் சுருண்ட நரம்பு, அப்புறம் தோல் கறுப்பு, கடைசியா ஆறாத புண். எல்லாருக்கும் கடைசிப் படி வரைக்கும் போகாது. பரம்பரை, பிரசவம், உடல் எடை எல்லாத்துக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா வேலைக்கும் பங்கு உண்டுங்கறது ஆராய்ச்சியில தெளிவா வந்திருக்கு. டென்மார்க்ல தொழிலாளர்களை 12 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 2005ல வெளியாச்சு. வேலை நேரத்துல பெரும்பகுதி நிற்கிறவங்க, வெரிகோஸ் வெயினுக்காக ஆஸ்பத்திரியில சேருறது மத்தவங்களை விட அதிகம்னு அது காட்டுச்சு.

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 7,300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை 12 வருஷம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2018ல வந்துச்சு. பெரும்பாலும் நின்னே பார்க்கற வேலையில இருந்தவங்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து பார்க்கற வேலையில இருந்தவங்களை விட இதய நோய் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்துச்சாம். "உட்காருறதுதான் புது சிகரெட்"னு நம்ம ஐ.டி. உலகம் பேசிட்டிருந்த அதே காலத்துலதான் இது வந்துச்சு.

இது போக இடுப்பு வலி, குதிகால் வலி. இன்னொண்ணு, கேட்க சங்கடமா இருந்தாலும் சொல்லணும்: சிறுநீர்த் தொற்று. பாத்ரூம் போக பெர்மிஷன் கேட்கணும், இல்லன்னா பாத்ரூமே தூரம்னு தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்குவாங்க. அம்மா ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துட்டுப் போயி முக்கால் பாட்டிலோட திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கேன். அது ஏன்னு கேட்கல.

மிட்டாய்த் தெருவில் இருந்து சென்னை வரை

சரி, சட்டத்துக்கு வருவோம். இது எங்கேயோ ஏ.சி. ரூம்ல யாரோ யோசிச்சு எழுதின சட்டம் கிடையாது.

கேரளாவுல கோழிக்கோட்டுல மிட்டாய்த் தெருன்னு ஒரு பெரிய கடை வீதி. நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி. அங்க தையல் வேலை பார்த்த விஜிங்கறவங்க, கடைகள்ல வேலை பார்க்கற பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பைக் கட்டினாங்க. அவங்க முதல்ல கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்கார ஒரு இடம். 2014 கடைசியில திருச்சூர்ல ஒரு பெரிய ஜவுளிக் கடைக்கு முன்னாடி பெண் ஊழியர்கள் 100 நாளுக்கு மேல போராட்டம் நடத்தினாங்க. அதுக்கு 'இரிக்கல் சமரம்'னு பேரு. உட்காருறதுக்கான போராட்டம். 2018ல கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைகள்ல இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்துச்சு. அதே வருஷம் பி.பி.சி.யோட 100 பெண்கள் பட்டியல்ல விஜி பேரும் வந்துச்சு.

அடுத்து தமிழ்நாடு. 2019ல மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இதை ஏத்துக்கிச்சு. 2021 செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்துல மசோதாவைத் தாக்கல் பண்ணாரு. 1947ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ ன்னு ஒரு புதுப் பிரிவு சேர்ந்துச்சு.

அது சொல்றது சுருக்கமா இதுதான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்கணும். வேலைக்கு நடுவுல உட்கார வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அதை அவங்க பயன்படுத்திக்கணும். வேலை நேரம் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கற நிலை வரக் கூடாது.

இதுல மூணு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, பெண்களுக்கு மட்டும்னு இல்ல, எல்லா ஊழியருக்கும். ரெண்டு, ஜவுளிக் கடை மட்டும்னு இல்ல. நகைக் கடை, சூப்பர் மார்க்கெட், செல்போன் கடை எல்லாம் உண்டு. மூணு, கஸ்டமரைக் காக்க வச்சுட்டு உட்காருங்கன்னு சட்டம் சொல்லல. வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விடுங்கன்னுதான் சொல்லுது. முதலாளிக்கு இதுல நஷ்டம் எதுவும் இல்ல.

உலகத்துல இது புதுசும் இல்ல. பிரிட்டன்ல 1899லயே கடை ஊழியர்களுக்கான இருக்கைச் சட்டம் வந்துடுச்சு. மூணு பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது இருக்கணும்னு அதுல இருந்துச்சு. நம்ம நாட்டுலயும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 44ஆவது பிரிவு, நின்னு வேலை பார்க்கறவங்களுக்கு உட்கார வசதி வேணும்னு சொல்லுச்சு. அது தொழிற்சாலைக்கு. தமிழ்நாட்டுக் கடைக்கு அது வந்து சேர 2021 ஆச்சு.

சட்டம் வந்துச்சு, ஸ்டூல் வந்துச்சு

அப்போ அம்மா இன்னும் வேலையில இருந்தாங்க. அதனால கேட்டேன், "சட்டம் வந்த பிறகு உங்க கடையில என்னம்மா மாறுச்சு?"

"ஸ்டூல் வந்துச்சு. ஒரு செக்‌ஷனுக்கு ரெண்டு. நீலக் கலர் பிளாஸ்டிக். ஆய்வுக்கு ஆளு வந்தாங்க, பார்த்தாங்க, எழுதிக்கிட்டுப் போனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அதுமேல புடவைக் கட்டை அடுக்கி வச்சோம்."

அம்மா இதை ஜோக் மாதிரி சொன்னாங்க. ஆனா இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்ற விஷயமே அந்த ஒரு வரியிலதான் இருக்கு. இருக்கை இருக்கறது வேற. உட்காருறது வேற. முதலாவதை எண்ணிப் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், ரெஜிஸ்டர்ல எழுதலாம். ரெண்டாவது, அந்தக் கடையில யாரு யாரைப் பார்த்து பயப்படறாங்கங்கறதைப் பொறுத்தது.

இப்போ நிலைமை எப்படின்னு தெரிஞ்சுக்க விழுப்புரத்துல இருக்கற என் சித்தி பொண்ணுகிட்ட பேசினேன். 23 வயசு, டிகிரி முடிச்சவ, விழுப்புரத்துல ஒரு துணிக்கடையில ரெண்டு வருஷமா வேலை. விக்கிரவாண்டி பக்கத்துல இருந்து காலையில டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ங்கறதால கூட்டம். அதுலயும் நின்னுட்டுத்தான் போவா. அவ சொன்னது இது:

"ஸ்டூல் இருக்குண்ணா. உட்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா மேல கேமரா இருக்கு. ஓனர் வீட்ல இருந்தே போன்ல பார்ப்பாரு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல உட்கார்ந்தா சூப்பர்வைசருக்கு போன் வரும். அவரு வந்து, 'என்ன, வேலை இல்லையா'ன்னு கேப்பாரு. அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் யாரு உட்காருவா?"

நான் சாஃப்ட்வேர்காரன். திருட்டைப் பிடிக்க வச்ச கேமரா, உட்காருறதைப் பிடிக்கற கேமராவா மாறினதைக் கேட்டப்போ கொஞ்சம் உறுத்துச்சு. அந்த மாதிரி லைவ் ஆப் எல்லாம் எழுதறது நம்ம ஆளுங்கதான்.

ஒரு முதலாளி சொன்னது

ஒரு பக்கம் மட்டும் பேசினா சரியா இருக்காது. திண்டிவனத்துல எங்க குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன ஜவுளிக் கடைக்காரர்கிட்ட கேட்டேன். அவர் கடையில ஆறு பேர் வேலை. வெளிப்படையாப் பேசினாரு.

"தம்பி, எனக்கு அவங்க உட்காருறதுல ஒண்ணும் இல்ல. ஆனா கஸ்டமர் உள்ள வரும்போது நாலு பேரு உட்கார்ந்திருந்தா, கடையில வியாபாரம் இல்ல போலன்னு நினைப்பாங்க. மதிக்கலன்னும் நினைப்பாங்க. பெரிய கடையில எல்லாரும் நின்னு வணக்கம் சொல்றாங்க. நான் மட்டும் எப்படி?"

அவர் சொன்னதை நான் தள்ளிவிடல. கூகுள்ல ஜவுளிக் கடை ரிவ்யூக்கள் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. "ஸ்டாஃப் உட்கார்ந்துக்கிட்டு இருக்காங்க, எழுந்திருக்கவே இல்ல"ன்னு ஒரு ஸ்டார் போட்டதை நானே பார்த்திருக்கேன். அந்த ரிவ்யூவை எழுதறது முதலாளி இல்ல. நம்மள மாதிரி ஆளுங்க.

ஆனா அவரே அடுத்து ஒண்ணு சொன்னாரு. "எங்க தாத்தா காலத்துல கடையில நிக்கறதே கிடையாது. வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை. கடைக்காரரும் உட்கார்ந்திருப்பாரு, வாங்க வர்றவங்களும் செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறி உட்காருவாங்க. முன்னாடி புடவையைப் பிரிச்சுப் போடுவோம்."

யோசிச்சுப் பாருங்க. காஞ்சிபுரத்துல இன்னைக்கும் எத்தனையோ பட்டுக் கடையில அப்படித்தான் வியாபாரம் நடக்குது. ஆயிரக்கணக்குல, பல்லாயிரக்கணக்குல விலை போற புடவையை உட்கார்ந்துதான் காட்டறாங்க. அதை யாரும் மரியாதைக் குறைவுன்னு சொல்லல. கண்ணாடி கவுன்ட்டரும் உயரமான ரேக்கும் வந்த பிறகுதான் விற்கிறவங்க நிக்க ஆரம்பிச்சாங்க. ஜெர்மனியில ஆல்டி மாதிரி சூப்பர் மார்க்கெட்ல பில் போடறவங்க உட்கார்ந்துதான் வேலை பார்க்கறாங்க, வேகமாவும் பார்க்கறாங்க. நின்னாத்தான் மரியாதைங்கறது பழக்கம்தான். பழக்கத்தை மாத்தலாம்.

சரி, ஒரு கடை என்ன செய்யணும்?

தொழிலிடப் பாதுகாப்புல ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. ஆபத்தைக் கட்டுப்படுத்தற வழிகளுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல ஆபத்தையே எடுத்துட முடியுமான்னு பாரு. முடியலன்னா வேற முறைக்கு மாத்து. அதுவும் முடியலன்னா இடத்தையும் பொருளையும் மாத்தி அமை. அப்புறம் வேலை நேரம், விதிமுறை. எல்லாத்துக்கும் கடைசியிலதான் ஆளுக்கு மாட்டிவிடற பாதுகாப்பு சாதனம். கோடுல இருக்கற பிழையைச் சரி பண்ணாம, யூசர்கிட்ட "அந்த பட்டனை அழுத்தாதீங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? கடைசிப் படியில இருந்து ஆரம்பிக்கறது அப்படித்தான்.

நம்ம ஊர்ல கடைசிப் படியிலதான் ஆரம்பிக்கறோம். "இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கம்மா, தைலம் தேய்ச்சுக்க." அந்த சாக்ஸ் தப்பில்ல, டாக்டர் எழுதிக் கொடுத்தா போடத்தான் வேணும். ஆனா அதோட செலவும் பொறுப்பும் ஊழியர் தலையில விழுது.

மேல இருந்து ஆரம்பிச்சா இப்படி இருக்கும்.

முதலாவது, உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலையை உட்கார்ந்து செய்ய விடறது. மடிக்கிறது, விலைச்சீட்டு ஒட்டறது, ஃபால்ஸ் பார்க்கறது, பில் போடறது, பட்டுப் புடவை காட்டறது. ஒரு சேல்ஸ் ஊழியரோட நாள்ல இது கணிசமான நேரம்.

ரெண்டாவது, சரியான இருக்கை. குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்தா கவுன்ட்டர் கழுத்து உயரத்துக்கு வரும். எழுந்திருக்கவும் கஷ்டம். கவுன்ட்டருக்கு ஏத்த உயரத்துல, சாய்ஞ்சு உட்கார முடியற ஸ்டூல் வேணும். அது கவுன்ட்டருக்குப் பின்னாடி, கைக்கு எட்டற இடத்துல இருக்கணும். குடோன்ல இருக்கற நாற்காலி கணக்குல வராது.

மூணாவது, தரை. நிறைய கடையில ஊழியர்களும் செருப்பு போடக் கூடாது. கிரானைட், டைல்ஸ் மேல வெறுங்கால். நிக்கற இடத்துல கனமான ரப்பர் விரிப்பு போட்டாலே குதிகாலுக்கு வித்தியாசம் தெரியும். ஒரு காலை மாத்தி மாத்தி வச்சுக்க சின்ன மணைப்பலகை மாதிரி ஒண்ணு இருந்தா இடுப்புக்கு நல்லது.

நாலாவது, நேரம். நாலு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கணும்னா நடுவுல ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்கணும்னு 1947 சட்டத்துலயே இருக்கு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48ங்கற வரம்பும் இருக்கு. "சாப்பிட்டு 20 நிமிஷத்துல வா" சட்டப்படி ஓய்வு கிடையாது. ஒரே ஆளை நாள் பூரா ஒரே கவுன்ட்டர்ல நிறுத்தாம, பில், பேக்கிங், காட்டறதுன்னு மாத்தி விடறதும் இதுல சேரும்.

அஞ்சாவது, குடிதண்ணியும் கழிப்பறையும். பெர்மிஷன் கேட்காம போய்ட்டு வர முடியணும்.

ஆறாவதுதான் ரொம்ப முக்கியம். முதலாளி வாயைத் திறந்து சொல்லணும். "கஸ்டமர் இல்லாதப்போ உட்காருங்க. நான் கேமராவுல பார்த்தா ஒண்ணும் சொல்ல மாட்டேன்." இதைச் சூப்பர்வைசர் முன்னாடி சொல்லணும். அப்பப்போ அவரே ஊழியர்கிட்ட கேட்கணும், கால் எப்படி இருக்கு, எங்க கஷ்டமா இருக்குன்னு. வாங்கி வச்ச ஸ்டூலுக்குப் பலன் அப்போதான்.

ஒரு எச்சரிக்கை: நாள் பூரா உட்கார்ந்தே இருக்கறதும் நல்லதில்ல, என் வாட்ச் சொல்றது பொய்யில்ல. உடம்புக்கு வேண்டியது மாத்தி மாத்தி இருக்கறது. எப்போ உட்காரணும், எப்போ எழுந்திருக்கணும்னு முடிவெடுக்கற சுதந்திரம் எனக்கு இருக்கு. என் சித்தி பொண்ணுக்கு இல்ல. பிரச்சனை அங்கதான்.

ஊழியரா இருந்தா, கஸ்டமரா இருந்தா

நீங்க கடையில வேலை பார்க்கறவங்களா இருந்தா, அல்லது உங்க வீட்ல யாராவது இருந்தா: இது தொழிலாளர் துறையோட பொறுப்பு. மாவட்டத்துல தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும். விழுப்புரத்துலயும் இருக்கு. அங்க எழுத்துல மனு கொடுக்கலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100லயும் புகார் பதியலாம். தனியா ஒருத்தரா போறதை விட நாலு பேரா சேர்ந்து, அல்லது ஒரு சங்கம் மூலமா போறது பாதுகாப்பு. கோழிக்கோட்டுப் பெண்கள் கத்துக் கொடுத்தது அதுதான். ஆய்வுக்கு வர்றவங்க ஸ்டூலை எண்ணிட்டுப் போகாம, ஊழியர்கிட்ட தனியா "இதுல கடைசியா எப்போ உட்கார்ந்தீங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும், நிறைய விஷயம் வெளிய வரும்.

கால்ல சாயங்காலம் வீக்கம், கனம், ராத்திரி கெண்டைக்கால் இழுப்பு, நரம்பு புடைப்பு, கணுக்கால் பக்கம் தோல் நிறம் மாறுறது இதெல்லாம் இருந்தா தைலத்தோட நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க, என்ன வேலை பார்க்கறீங்கன்னும் சொல்லுங்க. எங்க அம்மா காட்டினப்போ புண் வந்திருந்துச்சு. கட்டு போட்டு, சிகிச்சை எடுத்து ஆற அஞ்சு மாசம் ஆச்சு. வேலையை விட்டுட்டாங்க. முன்னாடியே போயிருந்தா அவ்வளவு தூரம் போயிருக்காது.

நீங்க கஸ்டமரா இருந்தா, அதாவது இதைக் கேட்கற பெரும்பாலானவங்க, செலவே இல்லாம செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. கடைக்குள்ள போகும்போது யாராவது உட்கார்ந்திருந்தா, "பரவாயில்ல, உட்காருங்க, நான் பார்த்துட்டு கூப்பிடறேன்"னு சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா, சூப்பர்வைசர் காதுல விழற மாதிரி. ரிவ்யூ எழுதற பழக்கம் இருந்தா, ஊழியர்களை உட்கார விடற கடையைப் பாராட்டி ஒரு வரி எழுதுங்க. அந்தத் திண்டிவனம் கடைக்காரர் பயப்படறது நம்ம கண்ணுக்குத்தான்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவோட விழுப்புரம் போயிருந்தேன். கவுன்ட்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. அம்மா முதல்ல பார்த்தது புடவையை இல்ல, அந்தப் பொண்ணோட காலை. அப்புறம், "நான் உட்கார்ந்துதான் பார்ப்பேன், எனக்குக் கால் முடியாது. நீயும் உட்கார்ந்து காட்டும்மா"ன்னாங்க.

அந்தப் பொண்ணு தலையைத் திருப்பி ஒரு தடவை சூப்பர்வைசரைப் பார்த்துச்சு. அவரு வேற யார்கிட்டயோ பேசிட்டிருந்தாரு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துச்சு. நாங்க அன்னைக்கு வேணும்னே பதினேழு புடவை பார்த்தோம். எடுத்தது ஒண்ணுதான்.

உங்க வீட்லயோ தெருவுலயோ கடை வேலைக்குப் போறவங்க இருந்தா, அவங்க கடையில ஸ்டூல் இருக்கா, உட்காருறாங்களான்னு கேட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கடை பேரும் உங்க பேரும் வேண்டாம், ஊர் மட்டும் போதும். அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் சேர்த்துப் பேசுவோம்.